அடிமைத்தளை அறுத்த நாவலர் பிரெடரிக் டக்ளஸ்

தாம் பிறந்த நாளை இறுதிவரை அறியாத ஒருவருடைய வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் மேரிலாந்து மாகாணத்தின் டால்பட் வட்டத்தில் 1818-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அந்த ஆண்டும் ஆண்டையின் கணக்கேட்டிலிருந்து பிற்காலத்தார் கண்டெடுத்ததே. அவரோ தாம் 1817-இல் பிறந்ததாகவே எண்ணியிருந்தார். அடிமைக்குப் பிறந்தநாள் எதற்கு என்பது அந்நாட்டு ஆண்டைமாரின் எண்ணம் போலும்.

தாயார் ஹாரியட் பெய்லி. தந்தை ஒரு வெள்ளையர் என்று மட்டும் பிறர் சொல்லக் கேட்டிருந்தார். தாய் அடிமையெனில் பிள்ளையும் அடிமை என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகையால் வெள்ளைத் தகப்பனால் யாதொரு பயனுமில்லை. பன்னிரண்டு மைல் தொலைவிலுள்ள பண்ணையில் வேலை செய்த தாயார், பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் நடந்தே வந்து, மகனை அணைத்து உறங்கவைத்து, பொழுது விடியுமுன் மீண்டும் நடந்து போய்விடுவார். அவ்வாறு அவர் வந்தது நான்கைந்து முறைதான். மகனுக்கு ஏழு வயதாகும்போது அவ்வம்மையார் காலமானார். பாட்டி பெட்ஸியே பிள்ளையை வளர்த்தவர்.

1826-இல் சிறுவர் பிரெடரிக் பால்டிமோர் நகருக்கு ஹ்யூ ஆல்ட் என்பவன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவன் மனைவி சோபியா, அடிமை வைத்துப் பழகாதவள். இரக்கங்கொண்டு அவருக்கு எழுத்துகளைக் கற்பித்தாள். இதை அறிந்த கணவன் சினந்து தடுத்தான். எழுத்தறிந்த அடிமை ஆண்டைக்கு உதவான், ஓடிப்போகவே நினைப்பான் என்று அவன் சொன்னது சிறுவர் காதில் விழுந்தது. அன்றே அவருக்கு வழி விளங்கிவிட்டது. எதை ஆண்டை அவ்வளவு அஞ்சுகின்றானோ அதுவே தமக்கு வேண்டியது என்று துணிந்தார். வாசகர்களே, பகைவன் வாயிலிருந்தே பாடம் பெற்ற மாணவர் இவரைப் போல் வேறெவரும் உண்டோ என்று நாம் வியக்கின்றோம்.

அதன்பின் அவருக்கு ஆசிரியர்கள் தெருப்பிள்ளைகளே. ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டைக் கொடுத்து எழுத்தை வாங்கினார். கப்பல் கட்டும் துறையில் தச்சர்கள் மரத்துண்டுகளின்மேல் குறித்துவைக்கும் எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினார். பன்னிரண்டு வயதில், ஐம்பது சென்ட் சேர்த்து, சொற்பொழிவுகள் அடங்கிய பள்ளிப் புத்தகமொன்றை வாங்கினார். நாடறிந்த நாவலர் ஒருவரின் கல்லூரி அந்த ஒரு புத்தகமே.

1833-இல் அவரைக் கிராமத்துக்குத் திருப்பிக்கொண்டவன் ஹ்யூவின் தமையன் தாமஸ் ஆல்ட். இவன் மதக்கூட்டம் ஒன்றில் மனந்திரும்பியதாகச் சொல்லிக்கொண்டவன். இனி இரக்கம் பிறக்கும் என்று அடிமைகள் எதிர்பார்த்தனர். நேர்ந்ததோ கொடுமை மிகுந்ததே. பிரெடரிக் ஞாயிறுதோறும் அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க, சபைப் பெரியோர்களே தடியுடன் வந்து அவ்வகுப்பைக் கலைத்தனர். ஜெபம் வேறு, இரக்கம் வேறு என்று அவர் கண்டுகொண்ட இடம் இதுதான்.

1834-இல் அவர் எட்வர்ட் கோவி என்பவனிடம் ஓராண்டு வாடகைக்கு விடப்பட்டார். முரட்டு மாட்டைப் பழக்குவதுபோல் அடிமைகளை அடக்குவதில் பெயர்பெற்றவன் அவன். ஆறு மாதம் இடைவிடாத சவுக்கடி. ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள், கட்டிப்போட வந்த கோவியின் கழுத்தைப் பிடித்தார் பதினாறு வயதுப் பிரெடரிக். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போராட்டம் நடந்தது. அடிமைகளை அடக்குபவன் என்ற பெயர் கெட்டுவிடும் என்றஞ்சியோ என்னவோ, கோவி அதை வெளியில் சொல்லவில்லை. மீண்டும் அவர்மேல் கைவைக்கவுமில்லை. இச்செயல் அறமோ என்று நம்மவருள் சிலர் வினவக்கூடும். அடி விழாமல் தடுத்தாரேயன்றி, தாமாக அடித்துப் பழிதீர்க்க முயலவில்லை என்பதை அவர் வரலாற்றிலேயே காணலாம். குற்றம் காண நமக்கு மனம் வரவில்லை.

பின்னர் மீண்டும் பால்டிமோரில், கப்பற் பலகைகளின் இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று வேலை கற்றார். நாளொன்றுக்கு ஒன்றரை டாலர்வரை கூலி வந்தது. வாரக் கடைசியில் அத்தனையும் ஹ்யூ ஆல்டின் கையில் போயிற்று. நன்றாக உழைத்த வாரத்தில் அவன் ஆறு சென்ட் திருப்பிக் கொடுப்பானாம். வாரக் கூலி வாங்கி வாழ்ந்த நாம், இதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் சும்மா இருந்தோம்.

1838 செப்டம்பர் 3-ஆம் நாள், மாலுமி உடையணிந்து, இரவல் சான்றிதழ் ஒன்றுடன் ரயிலேறித் தப்பி நியூயார்க் சேர்ந்தார். அவருக்குத் துணைநின்ற சுதந்திரப் பெண்மணி அன்னா மர்ரே அங்கு வந்து அவரை மணந்தார். நியூ பெட்ஃபோர்டில் குடியேறி, பெய்லி என்ற பெயரை விடுத்து டக்ளஸ் என்று பெயர் பூண்டார். அவ்வூரிலும் வெள்ளைத் தொழிலாளர்கள் அவரோடு சேர்ந்து கலப்பற்று வேலை செய்ய மறுத்தனர். ஆகவே விறகு அறுத்தும் மூட்டை சுமந்தும் பிழைத்தார்.

1841-இல் நான்டக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்பு மாநாட்டில் எழுந்து பேசினார். அன்று முதல் மேடையே அவருக்குத் தொழிலாயிற்று. 1843-இல் இந்தியானா மாகாணத்துப் பென்டில்டனில் ஒரு கும்பல் தாக்கி அவர் வலக்கையை முறித்தது. அது பிறகு முழுமையாகக் குணமாகவேயில்லை. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர் அடிமையாக இருந்திருக்க முடியாது என்று பலர் ஐயுற்றனர். அவர்களுக்கு விடையாக 1845-இல் ஊர்ப்பெயர், ஆண்டையின் பெயர் எல்லாம் குறித்துத் தம் சரிதத்தை அச்சிட்டார். அதனால் பிடிபடும் அபாயம் நேரவே, அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் சென்று ஏறத்தாழ இரண்டாண்டுகள் தங்கிப் பேசினார். அங்குள்ள நண்பர்கள் 150 பவுன் திரட்டி, 1846-இல் ஆல்டிடமிருந்து அவருடைய விடுதலையை விலைகொடுத்து வாங்கினர். மனிதனுக்கு விலை கொடுப்பது ஆண்டையின் உரிமையை ஒப்புக்கொள்வதாகும் என்று ஒழிப்பாளர் சிலரே குறைகூறினர். சங்கிலி தம் காலில் இல்லாதார் அவ்வாறு கூறுவது எளிது.

திரும்பி வந்து 1847-இல் ராச்செஸ்டர் நகரில் வடமீன் எனப் பொருள்படும் பெயரில் பத்திரிகை தொடங்கினார். அடிமைகள் இரவில் தப்பியோட வழிகாட்டியது அம்மீனே. 1848-இல் செனிகா ஃபால்ஸில் பெண்கள் வாக்குரிமை கேட்டபோது, அத்தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். 1852 ஜூலை 5-ஆம் நாள், நாட்டின் சுதந்திரத் திருநாள் அடிமைக்கு எந்த வகையில் திருநாள் என்று ராச்செஸ்டரில் அவர் தொடுத்த வினா இன்றளவும் பேசப்படுகின்றது.

1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1863-இல் கறுப்பின மக்களைப் படையில் சேரத் தூண்டினார். பிறர் பிள்ளைகளை மட்டும் கேட்டாரல்லர், தம் புதல்வர் இருவரையும் அனுப்பினார். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், கறுப்புச் சிப்பாய்க்கோ 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். இந்த அநீதியை லிங்கனிடம் நேரில் எடுத்துரைத்தார். சமஊதியச் சட்டம் 1864-இல் வந்தது. 1865-இல் லிங்கனின் இரண்டாம் பதவியேற்பு வரவேற்புக்குச் சென்றபோது காவலர் வாயிலில் தடுத்தனர். உள்ளே சொல்லியனுப்பிய பின்னர், லிங்கன் அவரை நண்பர் என்றழைத்து வரவேற்றார். அவ்வாண்டிறுதியில் அரசியற் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. இந்நாட்டிலும் ஜோதிராவ் புலே பெருந்தகை 1873-இல் வெளியிட்ட குலாம்கிரி என்னும் நூலை, அடிமை ஒழிப்புக்காக உழைத்த அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார்.

அரசாங்கப் பதவிகளும் அவருக்கு வந்தன. ஹெய்ட்டி நாட்டுக்கு 1889 முதல் 1891 வரை தூதராயிருந்தார். அவற்றினும் நம் மனத்தில் நிற்பது 1877-இல் நடந்ததொன்று. மரணப் படுக்கையிலிருந்த பழைய ஆண்டை தாமஸ் ஆல்டைக் காண அவர் சென்றார். கிழவனின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இருவரும் கண் கலங்கினர். அடிமை முறையை அவர் ஒருபோதும் மன்னித்தாரில்லை. அம்மனிதனை மட்டும் மன்னித்துத் திரும்பினார்.

மனைவி அன்னா 1882-இல் மறைந்தார். 1884-இல் ஹெலன் பிட்ஸ் என்னும் வெள்ளை மாதை மணந்தபோது இருதரப்பு உறவினரும் வெறுத்தனர். அவர் பொருட்படுத்தவில்லை. முதுமையிலும் கறுப்பின மக்களைக் கும்பல்கள் விசாரணையின்றிக் கொல்வதைக் கண்டித்து ஊர் ஊராகப் பேசினார்.

1895 பிப்ரவரி 20-ஆம் நாள் வாஷிங்டனில் பெண்கள் சங்க மாநாட்டுக்குச் சென்று, மாலையில் சீடர் ஹில் என்னும் தம் இல்லம் திரும்பினார். அன்றிரவும் ஒரு கூட்டத்தில் பேசுவதாயிருந்தது. மாநாட்டில் நடந்ததை மனைவியிடம் விவரித்துக்கொண்டிருக்கையில் சாய்ந்தார். ராச்செஸ்டரில் அடக்கம் செய்யப்பட்டார். 1899-இல் அவ்வூரார் அவருக்குச் சிலை எழுப்பினர்.