பேக்வெல்லும் 26 வயதுப் பசுவும்

மந்தின் தோட்டத்து லயத்தில் என் பாட்டி மாடு வளர்த்தார். புது மாடு வாங்கப் போனால் முதலில் அதை நடக்கவிட்டுக் காலையும் குளம்பையும் பார்ப்பார். அடுத்து, எத்தனை ஈற்று என்று கேட்பார். மடியைப் பார்ப்பது கடைசியில்தான். பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பேக்வெல்லைப் பற்றிப் படித்தபோது, பாட்டியின் இந்த வரிசைதான் நினைவுக்கு வந்தது.

பேக்வெல் 1725இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், டிஷ்லி என்ற இடத்தில் பிறந்தார். குத்தகை விவசாயியின் மகன். தந்தைக்குப் பின் 1760 வாக்கில், சுமார் 440 ஏக்கர் பண்ணை அவர் கைக்கு வந்தது.

அப்போதெல்லாம் காளையும் பசுவும் ஒரே மேய்ச்சலில் திரியும். எது எதனுடன் சேர்ந்தது என்று யாரும் கவனிப்பதில்லை. பேக்வெல் அவற்றைப் பிரித்தார். தாம் விரும்பிய உடலமைப்பு நிலைக்கும்வரை, நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்தார். காளைகளையும் செம்மறிக் கிடாக்களையும் விற்காமல், பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். இது வெறும் வருமானத்துக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்தவர் பண்ணையில் பிறக்கும் குட்டிகளைப் பார்த்து, தகப்பனை எடைபோட முடிந்ததே! வீட்டில் மாட்டு எலும்புக்கூடுகளையும் உப்புநீரில் ஊறிய இறைச்சித் துண்டுகளையும் வைத்து, தலைமுறைக்குத் தலைமுறை ஒப்பிட்டார். வந்த விருந்தாளிகள் பாவம்!

நகரங்கள் பெருகிய காலம் அது. இறைச்சியும், மெழுகுவத்திக்குக் கொழுப்பும் வேண்டியிருந்தன. அவருடைய லாங்ஹார்ன் மாடுகள் சீக்கிரம் கொழுத்தன, எலும்பு சிறுத்தது. ஆனால் பால் குறைந்தது, சினை பிடிப்பதும் குறைந்தது. கன்று போடாத பசு எவ்வளவு அழகாக இருந்தும் என்ன பயன்? டிஷ்லிக்கு வந்து பார்த்துச் சென்ற சார்லஸ் காலிங், அதே முறையை ஷார்ட்ஹார்ன் மாட்டில் கையாண்டார். அது இறைச்சியோடு பாலும் தந்தது. 1795இல் பேக்வெல் இறந்தார். சில பத்தாண்டுகளில் லாங்ஹார்ன் ஒதுக்கப்பட்டது.

அவர் முறை தவறு என்று நான் சொல்லமாட்டேன். இன்றைய இனவிருத்திக்கு அதுதான் அடித்தளம். தேர்ந்தெடுத்த குணங்களின் பட்டியலில்தான் தாய் விடுபட்டுப்போனாள்.

இத்தனைக்கும் நல்ல தாய் அவர் கொட்டகையிலேயே இருந்தது. கம்லி என்ற பசு. டூபென்னி என்ற புகழ்பெற்ற காளையை ஈன்றது அதுதான். தீனி தின்ன முடியாத முதுமையில், 26 வயதில்தான் அதை வெட்டினார்கள். அப்போதும் குறித்து வைக்கப்பட்டது, அதன் இடுப்புக் கறியில் இருந்த 4 அங்குலக் கொழுப்பு.