எழுத்தை நம்பிப் பட்டணம் போனவர்

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கதை எழுதிப் பார்க்காத மாணவர் நம் கல்லூரியில் குறைவு. அதைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு, வருமா வராதா என்று தபாலுக்குக் காத்துக் கிடந்தவர்களும் நம்மில் உண்டு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். அதனால், இந்த மலரில் புதுமைப்பித்தனைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

அவருடைய இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906 ஏப்ரல் 25-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தகப்பனார் சொக்கலிங்கம் பிள்ளை வருவாய்த் துறை அதிகாரி. சின்ன வயசிலேயே தாயார் காலமாகிவிட்டார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. தேறியது 1931-ல், அப்போது வயசு 25. பிள்ளை சர்க்கார் உத்தியோகம் பார்க்கவேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. பிள்ளைக்கோ எழுத்துப் பைத்தியம். வீட்டில் சண்டை வராமல் இருக்குமா? 1932-ல் கமலா அம்மையாரை மணந்துகொண்டு, பிறகு எழுத்தை நம்பிப் பட்டணம் போய்ச் சேர்ந்தார்.

1933-ல் ‘காந்தி’ பத்திரிகையில் ‘குலாப்ஜான் காதல்’ என்ற கட்டுரை வெளியானது. மறுவருஷம் ‘மணிக்கொடி’யில் சிறுகதைகள் வர ஆரம்பித்தன. வாசல் திறந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மணிக்கொடியோ கஷ்ட ஜீவனம் நடத்திய பத்திரிகை. எழுதியவர்களுக்குக் காசு எங்கிருந்து தரும்? 1935-ல் அது சிறுகதைப் பத்திரிகையாக மாறியபோது ஆசிரியர் பி. எஸ். ராமையா. நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி மண்ணில் உயிர்நீத்த சுப்பிரமணிய சிவா பிறந்த அதே வத்தலக்குண்டுக்காரர். அவரும் அதைப் பல ஆண்டுகள் தாங்க முடியவில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை தேட வேண்டியிருந்தது. காரைக்குடி ‘ஊழியன்’ பத்திரிகையில் கொஞ்ச நாள். பிறகு ‘தினமணி’யில் உதவி ஆசிரியர். கமலா அம்மையார் பல காலம் திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் இருந்தார். இவர் சென்னையிலிருந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பணம் அனுப்ப முடியாத தவிப்பு அந்தக் கடிதங்களில் தெரியும். ‘ஒரு நாள் கழிந்தது’ என்ற அவருடைய கதையைப் படியுங்கள். ஏழை எழுத்தாளர் வீட்டில் ஒரு பொழுது போவதே பெரும்பாடு. அனுபவிக்காதவன் அப்படி எழுத முடியாதுங்க!

முதல் சிறுகதைத் தொகுப்பு 1940-ல்தான் வந்தது. 1943-ல் தினமணி ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கம் விலகியபோது இவரும் கூடவே வெளியேறினார். அடுத்து ‘தினசரி’, அதுவும் நிலைக்கவில்லை. சினிமாவுக்கு வசனம் எழுதப் போனார். தாயார் பர்வதத்தம்மாள் நினைவாக ‘பர்வதகுமாரி’ என்று சொந்தப் படக் கம்பெனி தொடங்கினார். கைப்பணம் போனதுதான் மிச்சம். ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதப் புனே போனவர் காசநோய் முற்றித் திரும்பினார். 1948 ஜூன் 30-ல் திருவனந்தபுரத்தில் காலமானார். வயசு 42. மகள் தினகரி அப்போது சின்னக் குழந்தை.

கதை அங்கே முடியவில்லை. ரகுநாதன் 1951-ல் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பல புனைபெயர்களில் எழுதிப் பழைய பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடிப்பிடித்து 1998-ல் ‘அன்னை இட்ட தீ’ என்ற நூலாகக் கொண்டுவந்தார். 2002-ல் தமிழக அரசு அவர் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது. 

வேலையை விட்டுவிட்டு எழுதப் போங்கள் என்று இன்றைய மாணவச் செல்வங்களுக்கு நான் சொல்லமாட்டேன். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் பொறியாளன் நான். வறுமை அவரை வளர்த்தது என்று பேசுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. அது அவரைக் கொன்றது. ஒன்று மட்டும் சொல்வேன். அவருக்கு முதலில் இடம் கொடுத்தவை நொடித்துப்போன சின்னப் பத்திரிகைகள்தான். நம் கல்லூரி ஆண்டு மலரும் சின்னதுதான். ‘இதில் எழுதி என்ன ஆகப்போகுது’ என்று ஒதுங்காதீர்கள். எழுதுங்கள், பிரதி ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாணவர்களாகிய நாம், வருஷா வருஷம் அந்த மலர் நின்றுபோகாமல் அச்சாக ஆளுக்குக் கொஞ்சம் கைகொடுப்போம்.