களத்துமேட்டுக் காவலை நீக்கிய திவான்

குழந்தைகளே, நம் வயலில் விளைந்த நெல்லை நாமே அறுக்கக் கூடாது என்றால் எப்படி இருக்கும்?

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 'அமானி' முறை அப்படித்தான் இருந்தது. விளைச்சலில் அரசுக்கும் பங்கு உண்டு. அதிகாரிகள் வரும்வரை கதிரில் அரிவாள் வைக்க முடியாது. காவலுக்கு ஆள் நிற்பார். அதற்குள் மழை கொட்டினால்? பாவம், விவசாயி!

தஞ்சைப் பகுதி அமராவதி கிராமத்தில் 1828-இல் பிறந்த சேஷய்யா சாஸ்திரி, சென்னையில் படித்து, திருவிதாங்கூர் திவானாக இருந்தவர். தாது வருஷப் பஞ்சம் வாட்டிய சமயம், 1878-இல் புதுக்கோட்டை திவானானார். அமானியை ஒழித்து, நிலத்துக்கு இவ்வளவு என்று பணமாக வரி விதித்தார். அறுவடை நாளை இனி விவசாயியே குறிக்கலாம். நெல் விலை இறங்கினால் வரி கட்டுவது சிரமம்தான். அதையும் சொல்ல வேண்டும்.

வானம் பார்த்த பூமி என்பதால் குளங்களையும் சீர்செய்தார். புதுக்கோட்டை நகரின் புதுக்குளமும் அவற்றில் ஒன்று. 1894 வரை இங்கே பணியாற்றிய சாஸ்திரி, 1903-இல் காலமானார்.