பிரித்துப் பார்த்துக் கற்றவர்

நுழையும்முன்

மட்டாஞ்சேரி வீடுகளில் சுழலும் மின்விசிறி, மாவரைக்கும் கிரைண்டர், தொட்டிக்கு நீரேற்றும் பம்பு ஆகிய மூன்றையும் இயக்குவது மின்மோட்டாரே. அதனை இந்தியாவிலேயே உருவாக்கியவர்களுள் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

கோயம்புத்தூர் அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தவர் ஜி.டி. நாயுடு. கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது அவரது முழுப்பெயர். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் இல்லை. தொடக்கக் கல்வியோடு அது நின்றுவிட்டது.

ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வூருக்கு வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடிய அவ்வண்டி இளைஞர் நாயுடுவின் உறக்கத்தைக் கெடுத்தது. அதனை வாங்கும் எண்ணத்துடன் கோவைக்குச் சென்று, உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சில ஆண்டுகள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றவில்லை. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றினார். மீண்டும் பூட்ட இயலாமற் போனால் பல ஆண்டு உழைப்பும் வீணாகும். ஆயினும் அவர் அஞ்சவில்லை. பிரித்தும் பூட்டியும் ஒவ்வோர் உறுப்பின் பணியையும் அறிந்துகொண்டார். அதுவே அவருக்குப் பள்ளியாயிற்று.

1920இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அத்தொழில் யு.எம்.எஸ். என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவைப் பகுதியின் ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் மோட்டார்கள் தேவைப்பட்டன. அவை அயல்நாட்டிலிருந்தே வந்தன. இந்நிலையில் 1937இல் நாயுடுவும் பாலசுந்தரமும் இணைந்து பீளமேட்டில் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினர். மின்கலத்தால் இயங்கும் முகச்சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி முதலியவற்றையும் நாயுடு வடிவமைத்தார்.

1945இல் கோவையில் தொழிற்கல்விக்கூடம் அமையத் துணைநின்று, அதன் முதல்வராகவும் பணியாற்றினார். பட்டறையில் கைப்பழக்கம் தந்தால் படிப்புக் காலத்தைக் குறைக்கலாம் என்பது அவரது கருத்து. அரசு அதற்கு இசையவில்லை. அவர் பதவியைத் துறந்தார். பின்னர், குறைந்த விலையில் அவர் உருவாக்கிய சிறிய காருக்கும் உரிமம் கிடைக்கவில்லை. எனினும் அவரது தேடல் ஓயவில்லை.

1974 சனவரி 4 அன்று அவர் மறைந்தார். எர்ணாகுளத்தில் தொடர்வண்டி ஏறிப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் கோவை வந்துவிடும். அங்கே அவிநாசி சாலையில் உள்ள அருங்காட்சியகத்தில் அவரது கருவிகளை இன்றும் காணலாம்.

சொல்லும் பொருளும்

நாட்டம் – விருப்பம்
இசைதல் – உடன்படுதல்
கணவாய் – மலைகளுக்கு இடைப்பட்ட வழி

பயிற்சி

1. நாயுடு மோட்டார் சைக்கிளைப் பிரித்ததால் நேர்ந்திருக்கக்கூடிய இழப்பு யாது? பெற்ற பயன் யாது?
2. கோவைக்கு மோட்டார்கள் தேவைப்பட்டமைக்குக் காரணம் கூறுக.
3. பதவியைத் துறந்த அவரது முடிவு சரியா? ஐந்து வரிகளில் எழுதுக.

செயல்பாடு: பயனற்றுப்போன கைவிளக்கு ஒன்றைப் பெரியவர் துணையுடன், மின்கலத்தை நீக்கியபின் பிரிக்க. உறுப்புகளைக் கழற்றிய வரிசையில் தாள்மீது அடுக்கி, பெயர் எழுதி, மீண்டும் பூட்டுக. மின் இணைப்பில் உள்ள எக்கருவியையும் திறத்தல் கூடாது.