பேச்சுவார்த்தை மேசையும் அண்ணல் அம்பேத்கரும்

உறுவையாற்றுச் சேரியில் பொழுது விடியும் முன்பே வேன் வந்து நிற்கிறது. தொழிற்பேட்டைகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் போகும் நம் பிள்ளைகள் சோற்று டப்பாவோடு அதில் ஏறுகிறார்கள். மாதச் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள், எதற்காகப் பிடித்தார்கள் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வைத்தோம். சம்பளச் சீட்டைப் படிப்பது, கோரிக்கையை எழுதுவது, நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசுவது ஆகியவைதான் பாடம். பாதியில் ஒரு தங்கை எழுந்தாள். பேசினால் மறுநாள் தன்னை வேனில் ஏற்ற மாட்டார்களே, அதற்கு என்ன வழி என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையில் விடை இருக்கிறது. அரசியல் சட்டம் எழுதியவராகவே நாம் அவரை அதிகம் அறிவோம். தொழிலாளர் தலைவராகவும் தொழிலாளர் துறையை நடத்தியவராகவும் அவர் செய்தவை நம் சேரிகளில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1891 ஏப்ரல் 14இல் பிறந்த அவர், வெளிநாட்டில் படித்துப் பட்டங்கள் பெற்ற பிறகும் பம்பாய் பரேலில் தொழிலாளர்கள் வாழும் குடியிருப்பில் பல ஆண்டுகள் குடியிருந்தார். சுற்றிலும் பஞ்சாலைகள். கூலி கூடுதலாகக் கிடைக்கும் நெசவுப் பிரிவில் தலித்துகளுக்கு இடமில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு ஒட்ட வேண்டும் என்பதால், தலித்துகள் தொட்ட நூலைத் தொட மாட்டோம் என்று சக தொழிலாளர்களே தடுத்தார்கள். 1928 பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது இதை அண்ணல் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். இந்த அநீதியையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்காவிட்டால் எங்கள் மக்கள் வேலைநிறுத்தத்தில் நிற்க மாட்டார்கள் என்று எச்சரித்தார். அரைமனதோடு சேர்த்தார்கள். பட்டியலைப் பார்த்த ஆலை முதலாளிகள், இந்தத் தடையைப் போட்டது நாங்கள் அல்லவே என்று கைவிரித்துவிட்டார்கள். முதலாளியிடம் பேசுவதற்கு முன் சங்கத்துக்குள்ளேயே பேசித் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு என்பதை அண்ணல் அன்று நாட்டுக்குக் காட்டினார்.

1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் நடந்த தலித் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியம், முதலாளித்துவம் ஆகிய இரண்டையும் தொழிலாளர்களின் எதிரிகள் என்று அடையாளம் காட்டினார். அதே ஆண்டு பம்பாய் அரசு, வேலைநிறுத்த உரிமையைச் சுருக்கும் தொழில் தகராறு மசோதாவைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்து நவம்பர் 7இல் நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்தில் கம்யூனிஸ்ட்களோடு சேர்ந்து நின்றார். பேச்சுவார்த்தையை அவர் எதிர்க்கவில்லை. வேலையை நிறுத்தும் உரிமையைப் பறித்துவிட்டுப் பேச அழைத்தால், தொழிலாளி வெறுங்கையோடு அல்லவா போய் உட்கார வேண்டும்? அதைத்தான் எதிர்த்தார்.

1942 ஜூலையில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவரிடம் வந்தது. இன்றைய கணக்கில் அது மத்திய அமைச்சர் பதவி. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 7இல், டில்லியில் அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் ஆகிய மூன்று தரப்பையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்தார். அதற்கு முந்தைய மாநாடுகளில் அரசுப் பிரதிநிதிகள் மட்டுமே கூடித் தொழிலாளர்களைப் பற்றிப் பேசினார்கள். தொழிலாளர்களோடு பேசும் வழக்கம் அன்றுதான் தொடங்கியது. அந்த முத்தரப்பு ஏற்பாடே இந்தியத் தொழிலாளர் மாநாடாக வளர்ந்தது. அதன் 46ஆவது கூட்டம் 2015இல் நடந்தது. பத்தாண்டுகள் கடந்தும் அடுத்த கூட்டம் கூடவில்லை.

1943 செப்டம்பரில் டில்லியில் தொழிற்சங்க ஊழியர்களுக்கான பயிற்சி முகாம் நடந்தது. அதன் நிறைவு நாளில் பேசிய அண்ணல், தொழிலாளர்களைப் பாராட்டிவிட்டுப் போகவில்லை, கண்டித்தார். சங்கம் அவசியம்தான், ஆனால் கூலி உயர்வோடு அது நின்றுவிடக் கூடாது, ஆட்சியே தொழிலாளர் கைக்கு வர வேண்டும் என்றார். தொழிலாளர்கள் படிப்பதில்லை என்று வருந்தினார். ரூசோ, மார்க்ஸ், ஜான் ஸ்டூவர்ட் மில் ஆகியோரின் நூல்களோடு, தொழிலாளர் நிலை குறித்துப் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ எழுதிய மடலையும் ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்திருக்க வேண்டும் என்றார். எதிர்த்தரப்பின் வாதத்தையும் படித்துவிட்டு வந்தால்தான் மேசையில் நமக்கு மரியாதை.

அதே ஆண்டு நவம்பரில், தகுதியுள்ள சங்கத்தை முதலாளி கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்னும் மசோதாவைக் கொண்டுவந்தார். அவர் பதவியில் இருந்தவரை அது நிறைவேறவில்லை. 1947இல் அதே நோக்கத்தோடு ஒரு சட்டம் நிறைவேறியும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் தொழிற்சாலைச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம் வென்றது. வாரத்துக்கு 54 மணியாக இருந்த வேலைநேரம் 1946 ஆகஸ்ட் முதல் 48 மணியாகக் குறைந்தது. அவர் 1956 டிசம்பர் 6இல் மறைந்தார். அந்த 48 மணிநேரம் இன்றும் நம் வேலைநேரத்துக்கு அளவுகோலாக நிற்கிறது.

புதுச்சேரி மண்ணுக்கும் இதில் பங்குண்டு. 1936 ஜூலை 30இல் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் 12 பஞ்சாலைத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த ரத்தத்துக்குப் பிறகே, 1937இல், எட்டு மணிநேர வேலையும் சங்க உரிமையும் இங்கே சட்டமாயின. அந்த ஆலைகள் இன்று ஓடவில்லை. ஆலைத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் ஒப்பந்தக்காரரின் வேனுக்குக் காத்து நிற்கிறார்கள்.

அந்தத் தங்கைக்கு வருவோம். தனியாகப் பேசினால் வேனிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்ற அவள் அச்சம் பொய்யல்ல. அதனால்தான் சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்று அண்ணல் மசோதா கொண்டுவந்தார், அதனால்தான் படிக்கச் சொன்னார். ஒருத்தியை இறக்கிவிடுவது எளிது. கணக்கு தெரிந்த நாற்பது பேர் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு வந்து நின்றால், நாற்பது பேரையும் இறக்கிவிட்டு வேன் எங்கே போகும்? அந்த நாற்பது பேருக்குள் ஊர், சேரி என்ற பிரிவு இருந்தால் கையெழுத்து பாதியிலேயே நின்றுவிடும். 1928இல் பம்பாயில் நடந்தது அதுதான்.

அடுத்த வகுப்புக்கு எல்லோரும் சம்பளச் சீட்டோடு வரச் சொல்லியிருக்கிறோம். ஊர்த்தெருவிலிருந்து அதே வேனில் ஏறும் பிள்ளைகளையும் அழைத்திருக்கிறோம்.