திருவண்ணாமலை பையனும் 11 கிலோ கம்ப்யூட்டரும்

உங்க போன் ஸ்க்ரீன் எத்தனை இன்ச்? ஆறரை இருக்குமா? 1981-ல உலகமே வாயைப் பிளந்து பார்த்த ஒரு கம்ப்யூட்டரோட ஸ்க்ரீன் வெறும் 5 இன்ச்தான். எடை 11 கிலோ. ஒரு சின்ன கேஸ் சிலிண்டரை ஆபீஸுக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி. ஆனாலும் ஜனங்க வரிசைகட்டி வாங்குனாங்க. அதை விற்றவர் ஆடம் ஆஸ்போர்ன். அடுத்த முறை கிரிவலம் போகும்போது ரமணாசிரமத்தைத் தாண்டுவீங்கல்ல? அந்தப் பக்கம் வளர்ந்த பையன்தான் அவர்.

பிறந்தது 1939-ல, பாங்காக்கில். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர், அங்கே பல்கலைக்கழக ஆசிரியர். அம்மா போலந்துக்காரர். இரண்டாம் உலகப்போர் நேரத்துல அம்மாவும் பிள்ளைகளும் திருவண்ணாமலைக்கு வந்துட்டாங்க. அப்பா மட்டும் பாங்காக்கில் ஜப்பானியர்களிடம் சிக்கி, போர் முடியும்வரை முகாமில் அடைபட்டுக் கிடந்தார். 1945-லதான் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். ரமணரைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகங்கள் எழுதியதும், ஆசிரமத்தின் பத்திரிகையை 1964-ல தொடங்கியதும் இதே ஆர்தர்தான். அப்பா ஆன்மிகத்தில் மூழ்கினார், பையன் சிலிகான் சிப்பில் மூழ்கினார். நம்ம வீட்டுல மட்டும் அப்பா ஒரு ரூட், பிள்ளை ஒரு ரூட்டா என்ன?

கொடைக்கானலில் பள்ளி. அப்புறம் இங்கிலாந்து, பர்மிங்காமில் கெமிக்கல் இன்ஜினீயரிங். அமெரிக்காவின் டெலவேரில் பிஹெச்.டி, கலிஃபோர்னியாவில் ஷெல் எண்ணெய் கம்பெனியில் வேலை. செட்டில் ஆயிட்டார்னு நினைக்கிறீங்கல்ல? அந்த வேலையை விட்டுட்டு, கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு மேனுவல் எழுதிக் கொடுக்க ஆரம்பிச்சார். மைக்ரோபிராசசர் அப்போதான் மார்க்கெட்டுக்கு வந்த நேரம். அதைச் சாதாரண ஆளுக்குப் புரியும்படி எழுத ஆளே இல்லை. இவர் எழுதினார். கலிஃபோர்னியாவில் கம்ப்யூட்டர் பைத்தியங்கள் கூடும் ‘ஹோம்பிரூ’ கிளப்புக்கே புத்தகங்களைத் தூக்கிட்டுப் போய் விற்றார். 1979-ல மெக்ரா-ஹில் நிறுவனம் அவருடைய பதிப்பகத்தையே வாங்கிடுச்சு. கையில காசு வந்தது.

இனிதான் விஷயமே. அப்போ கம்ப்யூட்டர் வாங்குறது எப்படின்னா, பெட்டி தனி, மானிட்டர் தனி, டிஸ்க் டிரைவ் தனி, சாஃப்ட்வேர் தனி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பில். 1981 ஆகஸ்ட்ல ஐ.பி.எம் தன் முதல் பி.சி-யை 1,565 டாலருக்கு அறிவிச்சது. ஆனா அந்த விலைக்கு மானிட்டரும் கிடையாது, டிஸ்க் டிரைவும் கிடையாது. மெமரி 16 கே.பி-தான். இந்தக் கூத்தை வருஷக்கணக்காப் பார்த்து எழுதிட்டிருந்தவர் ஆஸ்போர்ன். உலகத்திலேயே பெஸ்ட்டா இருக்கணும்னு அவசியமில்லை, வேலைக்குப் போதுமானதா இருந்தால் போதும், விலை மட்டும் கையைக் கடிக்கக் கூடாது. இதுதான் அவர் கணக்கு.

ஹோம்பிரூ கிளப் கூட்டங்களை நடத்தின லீ ஃபெல்சென்ஸ்டைன்தான் டிசைனர். 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் ‘ஆஸ்போர்ன் 1’ வெளியே வந்தது. விலை 1,795 டாலர். பார்க்க தையல் மெஷின் பெட்டி மாதிரி. மூடியைத் திறந்தா அதுதான் கீபோர்டு. உள்ளே 64 கே.பி மெமரி, இசட்80 பிராசசர், இரண்டு ஃபிளாப்பி டிரைவ், நடுவுல அந்த 5 இன்ச் ஸ்க்ரீன். ஒரு வரியில 52 எழுத்துதான் தெரியும். மிச்சத்தைப் பார்க்கணும்னா திரையைப் பக்கவாட்டில் நகர்த்தணும். பேட்டரி கிடையாது, பிளக் பாயின்ட் தேடணும். ஆனா விமானத்தில் சீட்டுக்கு அடியில் வைக்கலாம்.

மாஸ்டர் ஸ்ட்ரோக் எது தெரியுமா? பெட்டியோடவே சாஃப்ட்வேரையும் கொடுத்தார். எழுத வேர்ட்ஸ்டார், கணக்குப் போட சூப்பர்கால்க், புரோகிராம் பண்ண பேசிக். தனித்தனியா வாங்கியிருந்தா, அதுக்கே கிட்டத்தட்ட கம்ப்யூட்டர் விலை ஆகியிருக்கும். இன்னைக்கு லேப்டாப் வாங்குறப்போ ‘ஆபீஸ் ஃப்ரீயா வருமாண்ணா?’னு கடைக்காரர்கிட்ட கேட்கிறீங்கல்ல, அந்தப் பழக்கத்துக்கு வழி போட்டவர்களில் இவர் முக்கியமானவர்.

உச்சத்தில் மாசத்துக்கு 10,000 பெட்டிகள் போச்சு. ஆனா கூட்டம் சேர்ந்தா போட்டியும் வரும்ல? கேப்ரோ 9 இன்ச் ஸ்க்ரீனோட வந்தது. காம்பேக், ஐ.பி.எம் சாஃப்ட்வேர் ஓடுற சூட்கேஸ் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. 1983-ல ஆஸ்போர்னும் ‘எக்ஸிக்யூட்டிவ்’னு அடுத்த மாடலைப் பத்திப் பேச ஆரம்பிச்சார். புதுசு வரப்போகுதுன்னா பழசை யார் வாங்குவா? டீலர்கள் ஆர்டரை நிறுத்தினாங்க, கையிருப்பு தேங்குச்சு, செப்டம்பரில் கம்பெனி திவால். வர்த்தக உலகத்தில் இதுக்குப் பேரே ‘ஆஸ்போர்ன் எஃபெக்ட்’.

எனக்கென்னவோ இது கொஞ்சம் அநியாயமாத்தான் படுது. நிர்வாகக் குளறுபடியும், மீந்துபோன பாகங்களைத் தீர்க்கிறதுக்காகப் பழைய மாடலையே மறுபடி தயாரிக்கப் பணத்தைக் கொட்டினதும்தான் காரணம்னு இன்னொரு தரப்பு சொல்லுது. ஒரு பெரிய சறுக்கலுக்கு ஒரே ஒரு காரணம் இருக்கும்னு நம்ப எனக்குத் தயக்கம்.

மனுஷன் அடங்கலை. 1984-லயே அடுத்த கம்பெனி, பேப்பர்பேக் சாஃப்ட்வேர். பெயரே சொல்லுதே, புத்தக விலைக்கு சாஃப்ட்வேர். லோட்டஸ் 1-2-3 கிட்டத்தட்ட 500 டாலர். அதே மாதிரி இயங்குற விபி-பிளானரை 100 டாலருக்குள்ள கொடுத்தார். லோட்டஸ் சும்மா இருக்குமா? 1987-ல வழக்கு. மெனு அமைப்பைக் காப்பியடிச்சதாக 1990-ல தீர்ப்பு. அதோட அந்தக் கம்பெனியும் முடிஞ்சது. கொடுமை என்னன்னா, இதே லோட்டஸ் வேறொரு கம்பெனி மேல போட்ட வழக்கில், மெனு அமைப்புக்குக் காப்புரிமை கோர முடியாதுன்னு 1995-ல அமெரிக்க அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு. ஆஸ்போர்னுக்கு அஞ்சு வருஷம் லேட்.

அதுக்குள்ள உடம்பு கைவிட ஆரம்பிச்சிருந்தது. மூளையைப் பாதிக்கிற நோய். 1992-ல கலிஃபோர்னியாவை விட்டுட்டு, சின்ன வயசுல படிச்ச கொடைக்கானலுக்கே திரும்பினார், சகோதரியோட வீட்டுக்கு. அங்கேயே பத்து வருஷத்துக்கு மேல இருந்தார். 2003 மார்ச் 18 அன்று அங்கேதான் இறந்தார். 64 வயசு முடிஞ்சு 12 நாள் ஆகியிருந்தது.