ஓவியர் இரவிவர்மர்

திருவிதாங்கூர் நாட்டுக் கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு பிறந்தவர் இரவிவர்மர். இளமையில் திருவனந்தபுரம் அரண்மனையில் ஓவியம் பயின்ற அவருக்கு, நெய்வண்ணம் தீட்டும் முறையைக் கற்பிக்க எவரும் இசையவில்லை. அங்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் மேனாட்டு ஓவியரும், தாம் தீட்டுவதைக் காண மட்டுமே இடமளித்தார். கண்ணையே ஆசானாகக் கொண்டு, பன்முறை முயன்று, இரவிவர்மர் அக்கலையைக் கைவரப்பெற்றார். மெல்ல உலரும் நெய்வண்ணத்தில் ஒளியும் நிழலும் ஒன்றோடொன்று குழையும் அன்றோ!

1873ஆம் ஆண்டு சென்னைக் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்ற அவருடைய ஓவியத்தில், நாயர் நங்கை ஒருத்தி கண்ணாடி முன் கூந்தலில் மல்லிகைச் சரம் சூடுகின்றாள். மேனியின் மென்மையும் மலரின் வெண்மையும் ஒளியால் வேறுபட்டு விளங்குகின்றன. பொன்னும் மணியும் உணர்த்தாத மங்கலத்தை அச்சரமே உணர்த்துகின்றது. அவ்வாண்டிலேயே வியன்னா நகரிலும் அது பரிசு பெற்றது.

1906ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது, அவர் தீட்டிய தாமரைத் திருமகள் அச்சுப் படமாகி, எளியோர் இல்லங்களிலும் விளக்கொளியில் நின்றாள்.